கடைசிப் பத்து மீட்டர்

நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து மலையேறி ஹைதராபாத் வருகிறது குடிநீர். வழியெல்லாம் காப்பாற்றிக் கொண்டுவந்த தண்ணீரை வீட்டு வாசலில் கெடுத்துவிடுகிறது ஒரு சாதாரண ஓஸ் குழாய்.

ஏப்ரல் பிறந்துவிட்டால் ஹைதராபாத்தின் மேற்குப் பகுதி மக்களுக்குக் கடிகாரம் தேவையில்லை. தண்ணீர் லாரியின் உறுமலே எழுப்பிவிடும். கொண்டாப்பூர், மாதாப்பூர், மணிகொண்டா, குக்கட்பள்ளி என்று அடுக்குமாடிகள் நெருங்கி நிற்கும் இடங்களில் கோடை வந்ததும் ஆழ்துளைக் கிணறுகள் ஒவ்வொன்றாகக் கைவிரிக்கின்றன. அதன் பிறகு லாரிதான் கதி.

லாரி வந்து நிற்கிறது. கிளீனர் குதித்து இறங்குகிறார். பக்கவாட்டுக் கொக்கியில் சுருட்டி மாட்டியிருக்கும் ஓஸை உருவித் தரையில் போட்டு இழுக்கிறார். அது தெருப்புழுதியில் புரண்டு, சாக்கடை ஓரத்தை உரசி, வாசல் சேற்றைத் தொட்டுக்கொண்டு, கடைசியில் கட்டடத்தின் சம்புக்குள் தலையை நுழைக்கிறது. வால்வு திறக்கிறது. ஓஸின் வாயில் ஒட்டிக்கொண்டு வந்தது எல்லாம் முதல் பாய்ச்சலிலேயே சம்புக்குள் போய்விடுகிறது. வேலை முடிந்ததும் ஓஸ் ஈரத்தோடு மறுபடி கொக்கிக்கு ஏறுகிறது. அடுத்த தெரு, அடுத்த சம்ப்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார்கள். எவ்வளவு வந்தது என்று சம்புக்குள் எட்டிப் பார்க்கிறார்கள். எதன் வழியாக வந்தது என்று பார்ப்பவர் அநேகமாக யாரும் இல்லை.

இத்தனைக்கும் அந்தத் தண்ணீர் ஊர் வந்து சேர்வதற்குப் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1908 செப்டம்பரில் மூசி நதி ஊருக்குள் புகுந்து ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோனது. வெள்ளத்தைத் தடுக்க வழி சொல்லும்படி நிஜாம் அரசு பொறியாளர் விசுவேசுவரய்யாவை அழைத்தது. அதன் பலனாக எழுந்தவைதான் 1920ல் உஸ்மான் சாகரும் 1927ல் ஹிமாயத் சாகரும். வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய ஏரிகள் ஊருக்குக் குடிநீரும் தந்தன. ஊர் பெருத்ததும் மஞ்சீரா நதியிடம் போனார்கள். பிறகு சிங்கூர். அதுவும் போதவில்லை. 2004ல் நாகார்ஜுனசாகர் பக்கமிருந்து கிருஷ்ணா நீர் வந்தது. 2015ல் கோதாவரியும் வந்து சேர்ந்தது. ஹைதராபாத் இருப்பது கடல் மட்டத்துக்கு ஐந்நூறு மீட்டருக்கும் மேலே. எனவே கிருஷ்ணா, கோதாவரி நீரைக் கட்டம் கட்டமாக மோட்டார் வைத்து மேலே ஏற்ற வேண்டும். சுத்திகரிப்பு நிலையத்தில் வடிகட்டி, குளோரின் கலந்து, இரும்புக் குழாய்களில் அடைத்து அனுப்புகிறது 1989ல் அமைக்கப்பட்ட பெருநகரக் குடிநீர் மற்றும் கழிவுநீர் வாரியம்.

இவ்வளவும் செய்து கொண்டுவந்த தண்ணீரைக் கடைசிப் பத்து மீட்டருக்கு எதிடம் ஒப்படைக்கிறோம்? செடிக்குத் தண்ணீர் விடுவதற்காகச் செய்த, கார் கழுவுவதற்காக வாங்கிய, மொட்டை மாடியில் ஆறு மாதம் வெயிலில் காய்ந்த ஓஸ் ஒன்றிடம்.

நல்லாவும் ஓஸும்

லாரி வராத தெருக்களிலும் ஓஸ் உண்டு. குழாயை ஹைதராபாத்தில் ‘நல்லா’ என்கிறார்கள். புதிதாகக் குடிவரும் தமிழர்களுக்கு இந்தச் சொல் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். ‘நல்லா வந்ததா?’ என்று பக்கத்து வீட்டுக்காரர் விசாரித்தால் நலம் கேட்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் கேட்பது தண்ணீரை. பல பகுதிகளில் ஒருநாள் விட்டு ஒருநாள், அதுவும் ஓரிரு மணி நேரம்தான் நல்லா வரும். அந்த நேரத்துக்குள் சம்ப், டிரம், குடம், வாளி எல்லாம் நிரம்பியாக வேண்டும். தெருக் குழாயின் மூக்கில் ஓஸைச் செருகி, துணியைச் சுற்றிக் கட்டி, வீட்டுக்குள் இழுத்துக்கொள்வதுதான் வழக்கம். சென்னையிலும் மதுரையிலும் மும்பையின் தாராவியிலும் இதே காட்சிதான்.

அழுத்தம் குறைவாக இருந்தால் சிலர் ஓஸின் நடுவே மோட்டாரைக் கோத்துவிடுகிறார்கள். மோட்டார் உறிஞ்சும்போது சாதாரண மெல்லிய ஓஸ் சப்பிக்கொள்ளும். எனவே உள்ளே கெட்டியான சுருள் வரிகள் ஓடும் ‘சக்‌ஷன் ஓஸ்’ வாங்குகிறார்கள். கிணற்றிலிருந்து வயலுக்கு இறைக்கச் செய்த குழாய் அது.

உறிஞ்சுவதில் இரண்டு கேடு. ஒன்று, பக்கத்து வீட்டின் பங்கும் சேர்ந்து வந்துவிடுகிறது. இரண்டாவது கேடு கண்ணுக்குத் தெரியாது. பூமிக்குள் ஓடும் குடிநீர்க் குழாயின் இணைப்புகளில் எங்காவது கசிவு இருக்கும். குழாய்க்குள் அழுத்தம் இருக்கும்வரை தண்ணீர் வெளியே கசியும். மோட்டார் உறிஞ்சி அழுத்தம் விழுந்தால் கதை தலைகீழ். வெளியே மண்ணில் ஊறி நிற்பது உள்ளே வரும். பக்கத்தில் கழிவுநீர்க் குழாய் ஓடினால் என்ன வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. குடிநீரில் கழிவுநீர் கலந்தால் என்ன ஆகும் என்பதை 2009 மே மாதத்தில் போலக்பூர் பார்த்தது. முஷீராபாத்தை அடுத்த அந்த நெருக்கமான பகுதியில் பலர் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் வாந்தி பேதியுடன் மருத்துவமனைகளில் கிடந்தார்கள்.

2025 ஏப்ரலில் குடிநீர் வாரியம் குழாய்களில் மோட்டார் பொருத்துவோருக்கு எதிராகத் தனி வேட்டையே நடத்தியது. மோட்டார் பறிமுதல், 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. மோட்டாரைப் பறிக்கலாம். ஆனால் அது மாட்டியிருந்த ஓஸ் எப்படிப்பட்டது என்பதை வீட்டுக்காரர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மோட்டார் இல்லாவிட்டாலும் ஓஸுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அதன் முனை வாளிக்குள் மூழ்கிக் கிடக்கிறது. தெருவில் தண்ணீர் திடீரென்று நிற்கிறது. குழாயில் வெற்றிடம் உண்டாகிறது. வாளியில் இருப்பது ஓஸ் வழியாகத் தெருக் குழாய்க்கே திரும்பிப் போகிறது. துணி அலசும் வாளியானாலும் இதே கதைதான். முனையை விளிம்புக்கு ஒரு சாண் மேலே தொங்கவிட்டால் போதும், இது நடக்காது. காசு செலவில்லாத பாதுகாப்பு இது.

குழாய்க்குள் என்ன இருக்கிறது?

கடையில் தொங்கும் பச்சை, மஞ்சள், நீல ஓஸ்களில் பெரும்பாலானவை பி.வி.சி. பிளாஸ்டிக். பி.வி.சி. இயல்பில் விறைப்பானது. அதனால்தான் வீட்டுச் சுவரில் ஓடும் பி.வி.சி. குழாயை வளைக்க முடிவதில்லை. அதே பொருளை நெளிய வைக்க ‘பிளாஸ்டிசைசர்’ என்ற எண்ணெய் போன்ற ரசாயனத்தைச் சேர்க்கிறார்கள். தாலேட் என்ற வகை இதில் பிரசித்தம். இது பிளாஸ்டிக்கோடு ரசாயன ரீதியாகப் பிணைவதில்லை. இட்லித் துணியில் ஊறிய ஈரம் போல உள்ளே தங்கியிருக்கும், அவ்வளவுதான். சூடு ஏறினால் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். புது ஓஸில் அடிக்கும் பிளாஸ்டிக் வாசனையும், வெயிலில் கிடந்த ஓஸின் தண்ணீரில் தெரியும் ருசியும் ஓஸிலிருந்து ஏதோ தண்ணீருக்கு இறங்குகிறது என்பதன் அறிகுறி.

இன்னொரு சேர்மானம் ஈயம். பி.வி.சி.யை உருக்கி வார்க்கும்போது அது சூட்டில் சிதையாமல் இருக்க ஒரு நிலைப்படுத்தி தேவை. மலிவாகக் கிடைப்பது ஈய உப்பு. கால்சியம்-துத்தநாகக் கலவை போன்ற மாற்றுகள் இருக்கின்றன, விலைதான் கூடுதல். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார அமைப்பு. உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒருவர், அதாவது சுமார் 80 கோடிப் பேர், கவலைக்குரிய அளவு ஈயத்தை ரத்தத்தில் சுமக்கிறார்கள் என்று யுனிசெப்பும் ‘ப்யூர் எர்த்’ அமைப்பும் 2020ல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. பேட்டரிக் கழிவு, பெயின்ட், பாத்திரம், மசாலாவில் கலப்படம் என்று ஈயம் வரும் வாசல்கள் பல. ஓஸ் அவற்றில் சின்ன வாசல்தான். ஆனால் எளிதில் மூடக்கூடிய வாசல்.

இந்தியா 2000ல் பெட்ரோலிலிருந்து ஈயத்தை வெளியேற்றியது. பி.வி.சி. குழாய்களில் ஈய நிலைப்படுத்திக்குக் கடிவாளம் போடும் விதிகள் வர 2021 ஆயிற்று. அந்த விதிகளின் தலைப்பே குழாய்களையும் இணைப்புகளையும்தான் பேசுகிறது. செடிக்கு நீர் விடும் ஓஸ் வாங்குகிறவர் அதை நம்பி நிம்மதியாக இருந்துவிட முடியாது.

செடிக்கான ஓஸ் குடிநீருக்கு ஆகுமா என்பதை 2012ல் அமெரிக்காவின் மிஷிகன் மாநிலத்திலுள்ள எக்காலஜி சென்டர் சோதித்துப் பார்த்தது. கடைகளில் விற்ற 90 தோட்ட ஓஸ்களை வாங்கி அலசியது. ஓர் ஓஸில் தண்ணீர் நிரப்பி வெயிலில் வைத்து எடுத்தபோது அந்நாட்டுக் குடிநீர் வரம்பைப் போல 18 மடங்கு ஈயம் இருந்தது. பல ஓஸ்களில் குற்றவாளி பிளாஸ்டிக் மட்டுமல்ல, முனையிலிருக்கும் பித்தளையும்தான். பித்தளையை எளிதாகக் கடைசல் பிடிப்பதற்காக அதில் ஈயம் சேர்ப்பது பழைய வழக்கம்.

அந்தச் சோதனையில் கவனிக்க வேண்டிய சொல் ‘வெயில்’. மே மாத ஹைதராபாத்தில் நிழலிலேயே வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். மொட்டை மாடியில் கிடக்கும் ஓஸுக்குள் தேங்கிய தண்ணீர் கையைச் சுடும். இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 ஒரு லிட்டரில் 0.01 மில்லிகிராம் ஈயத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை. அந்தக் கணக்கு சுத்திகரிப்பு நிலையத்துக்கு மட்டும் உரியதல்ல. டம்ளருக்கும் உரியது.

ரயிலுக்கு ஒரு நியாயம்

ஓஸ் வழியாகத் தொட்டி நிரப்பும் காட்சியைப் பார்க்காத ரயில் பயணி இருக்க முடியாது. செகந்திராபாத் போன்ற பெரிய நிலையங்களில் தண்டவாளங்களுக்கு நடுவே வரிசையாக ஓஸ்கள் கிடக்கும். வண்டி நின்றதும் ஊழியர்கள் அவற்றை எடுத்துப் பெட்டிகளில் செருகுவார்கள். தண்டவாளத்தில் என்னென்ன விழும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் அந்தத் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை. கை கழுவுவதோடு சரி. குடிக்க பாட்டில் கையில் இருக்கும். ரயிலில் இவ்வளவு விவரமாக இருக்கும் அதே குடும்பம், வீட்டு வாசலில் ஏறக்குறைய அதே நிலையிலிருக்கும் ஓஸின் தண்ணீரில் சாதம் வடிக்கிறது.

கப்பலுக்கும் விமானத்துக்கும் நியாயம் வேறு. அவற்றில் நிரப்புவது குடிக்கும் தண்ணீர். அதற்கான ஓஸை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது, முனைகளுக்கு மூடி இருக்க வேண்டும், தரையில் போடாமல் உயரே சுற்றி வைக்க வேண்டும், குடிநீருக்கு மட்டும் என்று எழுதியிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டு நூல்கள் சொல்லும் நடைமுறை. இதில் விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லை. ஒரு மூடி, ஒரு கொக்கி, கொஞ்சம் பெயின்ட்.

அமெரிக்காவில் படுக்கை, சமையலறை, கழிப்பறையோடு கூடிய வண்டியில் ஊர் சுற்றும் குடும்பங்கள் இதையே பழக்கமாக்கிக்கொண்டிருக்கின்றன. முகாமில் வண்டியை நிறுத்தியதும் அங்குள்ள குழாயிலிருந்து ஓஸ் மூலம் தண்ணீர் எடுத்துக்கொள்வார்கள். குடிநீருக்கு வெள்ளை அல்லது நீல ஓஸ். கழிவுத் தொட்டியைக் கழுவ வேறு நிறத்தில் வேறு ஓஸ். இரண்டையும் ஒரே பெட்டியில்கூட வைப்பதில்லை. வாங்கும்போது அவர்கள் தேடுவது என்.எஸ்.எஃப். 61 என்ற குறியை. குடிநீரைத் தொடும் பொருட்களிலிருந்து என்ன கசிகிறது என்று சோதிக்கும் தரம் அது. 1988 முதல் இருக்கிறது. பித்தளை இணைப்புகளிலும் 2014 முதல் அங்கே ‘ஈயமற்றது’ என்று சொல்ல வேண்டுமானால் தண்ணீர் படும் பரப்பில் ஈயம் சராசரியாக 0.25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

அந்தப் பழக்கம் இங்கும் எட்டிப் பார்க்கிறது. 2021ல் கேரளம் கேரவன் சுற்றுலாவுக்கென்று தனித் திட்டம் அறிவித்தது. ஹைதராபாத், சென்னை சினிமாக்காரர்களுக்குக் கேரவன் பழகிப்போன விஷயம். ஊர் ஊராகப் போகும் இந்த வண்டிகளின் தொட்டிக்கு அந்தந்த ஊர்க் குழாய்தான் கதி. கூட வருவது சொந்த ஓஸாக இருந்தால் நல்லது. சபரிமலைக்கோ ஸ்ரீசைலத்துக்கோ வேன் எடுத்துக்கொண்டு, வழியில் டிரம் நிரப்பிச் சமைத்துச் சாப்பிடும் கூட்டங்களுக்கும் இது பொருந்தும்.

வாங்கும்போது என்ன கேட்பது?

செகந்திராபாத் ராணிகஞ்சில் குழாய், பம்ப், ரப்பர் சாமான் விற்கும் கடைகள் தெருத் தெருவாக உண்டு. போய் ‘ஓஸ் வேண்டும்’ என்று மட்டும் சொன்னால் கடைக்காரர் இரண்டு கேள்விதான் கேட்பார். எத்தனை அங்குலம்? எத்தனை மீட்டர்? மூன்றாவது கேள்வியை வாங்குகிறவர்தான் கேட்க வேண்டும். குடிநீருக்கு ஆகுமா?

அவர் ‘ஆகும்’ என்பார். அதோடு நின்றுவிடக் கூடாது. ஓஸின் உடலில் என்ன அச்சடித்திருக்கிறது என்று படிக்க வேண்டும். பி.வி.சி. உணவையும் குடிநீரையும் தொடுவதற்கு ஏற்றதா என்பதற்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10151. பாலிஎத்திலீனுக்கு ஐ.எஸ். 10146. இந்த எண்களோ என்.எஸ்.எஃப். 61 குறியோ இருந்தால் நல்லது. வெறும் ஐ.எஸ்.ஐ. முத்திரையை மட்டும் பார்த்துத் திருப்தி அடையக் கூடாது. ஒரு பொருள் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று சொல்லவும் தரம் உண்டு, அதிலிருந்து தண்ணீரில் என்ன கலக்கும் என்று சொல்லவும் தரம் உண்டு. இரண்டும் ஒன்றல்ல. ‘ஃபுட் கிரேட்’ என்ற சொல் மட்டும் ஒட்டியிருந்தால், எந்தத் தரத்தின்படி என்று கேட்கலாம். தயாரிப்பாளர் பெயரே இல்லாத ஓஸைத் தொட வேண்டாம். கருகருவென்று, கனமாக, மலிவாக இருப்பது பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்ததாக இருக்கலாம். அந்தப் பழைய பிளாஸ்டிக் முன் ஜென்மத்தில் என்னவாக இருந்தது என்பது யாருக்கும் தெரியாது.

பொருளில் எது நல்லது? சிலிக்கான் வெயிலையும் வெந்நீரையும் தாங்கும், எளிதில் நெளியும். விலை அதிகம். பாலிஎத்திலீனில் பிளாஸ்டிசைசர் தேவையில்லை. ஆனால் விறைப்பாக இருக்கும். நூல் வலை பின்னிய, தாலேட் இல்லாத, குடிநீர்த் தரமுள்ள பி.வி.சி. ஓஸ் நடுத்தர வழி. தண்ணீர் விட்டால் மூன்று மடங்கு நீளும் ‘மேஜிக் ஓஸ்’ செடியோடு நிற்கட்டும்.

கண்ணாடி போன்ற ஓஸா, நிறமுள்ளதா? கண்ணாடி ஓஸில் உள்ளே அழுக்குப் படிந்தால் தெரியும். ஆனால் வெளிச்சம் புகுந்து பாசி பிடிக்கும். நிழலில் வைக்க இடம் இருந்தால் கண்ணாடி ஓஸ், வெயிலில்தான் கிடக்கும் என்றால் ஒளி புகாத வெள்ளை அல்லது நீலம்.

நீளம் எவ்வளவு? தேவைக்கு மேல் ஒரு மீட்டர் போதும். முப்பது மீட்டர் சுருள் மலிவு என்று வாங்கி, ஐந்து மீட்டர் தூரத்துக்குச் சுருளோடு மாட்டி வைப்பவர்கள் உண்டு. நீளம் கூடக் கூட அழுத்தம் குறையும். தண்ணீர் பிளாஸ்டிக்கைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரமும் கூடும். முனை இணைப்பு பித்தளையானால் ஈயமற்றதா என்று கேட்க வேண்டும். எவர்சில்வரோ நல்ல பிளாஸ்டிக்கோ கிடைத்தால் கவலையில்லை.

வீட்டில் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். புது ஓஸில் ஒரு சாண் துண்டை நறுக்கி எவர்சில்வர் டம்ளரில் போட்டு வெந்நீர் ஊற்றி மூடி வைக்க வேண்டும். மறுநாள் திறந்து முகர்ந்து பார்க்க வேண்டும். குடித்துப் பார்க்க வேண்டியதில்லை. பிளாஸ்டிக் நாற்றம் தூக்கினால் அந்த ஓஸ் தோட்டத்துக்கு. நாற்றமில்லை என்பதற்காக மட்டும் பாஸ் போட்டுவிடவும் முடியாது, ஏனென்றால் ஈயத்துக்கு மணமும் இல்லை, ருசியும் இல்லை. தள்ளிவிடத்தான் மூக்கு உதவும். ஏற்றுக்கொள்ள அச்சிட்ட எண்தான் உதவும்.

முதல் வாளி செடிக்கு

எவ்வளவு நல்ல ஓஸானாலும் தண்ணீர் தேங்கினால் கெட்டுப்போகும். தேங்கிய தண்ணீரில் குளோரின் தீர்ந்துவிடும். உட்சுவரில் வழவழப்பாக ஒரு படலம் படியும். நுண்ணுயிர்கள் கட்டிக்கொள்ளும் வீடு அது. எனவே நல்லா வந்ததும் ஓஸில் தேங்கியதை முதலில் வெளியேற்ற வேண்டும். எவ்வளவு? அரை அங்குல ஓஸ் பத்து மீட்டரில் சுமார் ஒன்றேகால் லிட்டர் பிடிக்கும். ஓர் அங்குலமானால் ஐந்து லிட்டர். லாரியின் இரண்டு அங்குல ஓஸில் இருபது லிட்டர். இரண்டு மடங்கு ஓடவிட்டால் பழையது போய்விடும். வீட்டு ஓஸுக்கு அது கால் வாளி, அரை வாளி. தண்ணீர் பஞ்சத்தில் வீணாக்குவதா என்று மனம் கேட்காதவர்கள் செடிக்கோ கழிப்பறைக்கோ விடலாம்.

வேலை முடிந்ததும் ஓஸை உயரத் தூக்கி நீரை முழுவதும் வடித்து, நிழலில் கொக்கியில் மாட்டி, இரண்டு முனைக்கும் மூடி போட வேண்டும். மூடி இல்லையென்றால் ஒரு முனையை மறு முனைக்குள் செருகிவிடலாம். பல்லியும் கரப்பானும் நுழையாது. மாதம் ஒருமுறை கிருமிநீக்கம். 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல், வாசனையோ சோப்போ சேராதது, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மில்லி. ஓஸ் முழுக்க நிரப்பி ஒரு மணி நேரம் விட்டு, நன்றாக அலசிக் கொட்டிவிட வேண்டும். வெடிப்போ பிசுபிசுப்போ தெரிந்தால் ஓஸின் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம்.

லாரி ஓஸ் நம்முடையதல்லவே என்ற கேள்வி வரும். அதற்கும் வழி இருக்கிறது. அடுக்குமாடிச் சங்கம் குடிநீர்த் தரமுள்ள இரண்டு அங்குல ஓஸ் ஒன்றைத் தானே வாங்கி வாட்ச்மேன் அறையில் மாட்டி வைக்கலாம். லாரி வந்தால் அதைத்தான் கோக்க வேண்டும் என்று சொல்லலாம். இன்னும் நல்லது, சுற்றுச்சுவரில் மூடியுடன் ஒரு நிரந்தரக் குழாய் வாய் வைத்துவிடுவது. அப்போது ஓஸ் வாசலைத் தாண்டி உள்ளே வர வேண்டியதே இல்லை. ஓஸின் முனை சம்ப் தண்ணீரில் மூழ்கும் பேச்சும் இல்லை. சம்பின் வாய் தரைக்கு ஒரு முழம் மேலே இருந்தால் மழைநீரும் சேறும் உள்ளே போகாது.

வந்த தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்னப் பெட்டி போதும். குடிநீர் வாரியங்களும் பஞ்சாயத்துகளும் பயன்படுத்தும் குளோரோஸ்கோப். மருந்துச் சொட்டு விட்டதும் தெரியும் நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சமிருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 10500. லாரியின் வால்வில் குளோரின் காட்டி, ஓஸின் முனையில் காட்டவில்லையென்றால் திருடன் யாரென்று தெரிந்துவிடும்.

வீட்டில் ஆர்.ஓ. இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆர்.ஓ. இயந்திரம் ஈயத்தைப் பெருமளவு வடிகட்டும், உண்மைதான். ஆனால் அது சமையலறையின் ஒரு மூலையில் மட்டும் இருக்கிறது. அரிசி களைவதும் காய்கறி கழுவுவதும் பல் தேய்த்து வாய் கொப்பளிப்பதும், குளிக்கும்போது குழந்தை விழுங்கும் இரண்டு மடக்கும் சம்ப் தண்ணீரில்தான். தவிர, தெருக் குழாயிலிருந்து ஓஸ் வழியாக டிரம்மில் பிடித்து அப்படியே குடிக்கும் வீடுகளில் ஆர்.ஓ. இல்லை. அந்த வீடுகளில்தான் ஓஸ் மிக மலிவானதாகவும் இருக்கிறது.

2021 ஜனவரியில் ஹைதராபாத் வீடுகளுக்கு மாதம் 20,000 லிட்டர் குடிநீர் இலவசம் என்று திட்டம் தொடங்கியது. நகருக்கு நதிகளைக் கொண்டுவருவதும், வடிகட்டுவதும், விலையில்லாமல் தருவதும் அரசாங்கத்தின் வேலை. கடைசிப் பத்து மீட்டர் மட்டும் வீட்டுக்காரர் கையில் இருக்கிறது.

அந்தப் பத்து மீட்டருக்கு வேண்டியது சரியான எண் அச்சிட்ட ஒரு ஓஸ், இரண்டு மூடிகள், நிழலில் அடித்த ஒரு ஆணி. நாளைக் காலை லாரி உறுமும்போது சம்பை எட்டிப் பார்ப்பதற்கு முன்னால், தெருவில் புரண்டு வரும் ஓஸின் வாயை ஒருமுறை குனிந்து பார்த்தால் போதும். ஆணி அடிக்கச் சுத்தியலைத் தேடத் தோன்றிவிடும்.